ஏரி சேர்த்துவைக்கும் குளிர்

டொரண்டோவில் இருக்கும் உறவினர்கள் ஜனவரி, பிப்ரவரியில் அனுப்பும் படங்களில் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வெள்ளைவெளி. அங்கங்கே சிவப்பும் நீலமுமாகச் சின்னக் கூடாரங்கள். தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்ட ஒருவர் கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருக்கிறார். அவர் காலடியில் ஒரு சாண் அகலத்துக்கு ஒரு துளை. கையில் விளையாட்டுச் சாமான் போல ஒரு குட்டித் தூண்டில். அது வயல்வெளி இல்லை, ஏரி. அவர் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குக் கீழே பத்து மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது என்று தெரிந்தவுடன் படத்தை இன்னொரு முறை பார்ப்போம்.

பார்த்ததும் எழும் கேள்விகள் எல்லாருக்கும் ஒன்றுதான். ஏரியே உறைந்துவிட்டதென்றால் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது? இத்தனை பேரை அந்தக் கட்டி எப்படித் தாங்குகிறது? தானும் ஒருமுறை போய்வர நினைப்பவருக்கு மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு: எந்த நாளில் போகலாம்?

மூன்றாவது கேள்விக்குப் பலர் காலண்டரைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள். அது ஆபத்தான பழக்கம். ஏரிக்குத் தேதி தெரியாது. தன்மேல் எத்தனை நாள் எவ்வளவு குளிர் இறங்கியது என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. அந்தக் கணக்கை நாமும் கூடவே எழுதி வரலாம். கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். டொரண்டோவுக்கு வடக்கே ஏறத்தாழ ஒரு மணிநேரக் கார்ப் பயணத்தில் இருக்கும் சிம்கோ ஏரியை எடுத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தில் அதைப் போட்டுப் பார்ப்போம். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழர்களுக்குப் பக்கத்து ஏரி அது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில் புல்லில் நிற்பதும் பனி, மார்கழியில் கண்ணை மறைப்பதும் பனி என்று பழகிய மொழி நம்முடையது. இங்கே இரண்டு பொருளைப் பிரித்தே ஆகவேண்டும். வானிலிருந்து பஞ்சாக உதிர்வதை வெண்பனி என்றும், ஏரித்தண்ணீர் இறுகிக் கட்டியாவதைப் பனிக்கட்டி என்றும் சொல்கிறேன். ஒன்றுக்கு மற்றது எதிரி என்பதைப் போகப்போகப் பார்ப்போம்.

ஆயிரம் லிட்டரில் 130 கிராம்

பொதுவாக எந்தப் பொருளும் குளிரக் குளிரச் சுருங்கும், அதனால் அடர்த்தி கூடும். தண்ணீரும் அப்படித்தான், 4 டிகிரி செல்சியஸ்வரை. அதற்குக் கீழே குளிர்ந்தால் அது மறுபடி விரியத் தொடங்குகிறது. 4 டிகிரியில் ஆயிரம் லிட்டர் தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. அதே ஆயிரம் லிட்டர் 0 டிகிரியில் சுமார் 130 கிராம் குறைவு. கட்டியானதும் 917 கிலோ.

கட்டி மிதப்பதற்குக் காரணம் அந்த 917. அது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஏரி மீனைக் காப்பாற்றுவதில் அந்த 130 கிராமுக்கும் பெரிய பங்கு உண்டு என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இலையுதிர் காலத்தில் ஏரியின் மேல்தண்ணீர் காற்றில் குளிர்கிறது. குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்க, கீழே இருந்த வெதுவெதுப்பான தண்ணீர் மேலே வருகிறது. அதுவும் குளிர்ந்து இறங்குகிறது. வாரக்கணக்கில் ஏரி முழுக்க இப்படிப் புரண்டுகொண்டே இருக்கும். ஏறக்குறைய எல்லாத் தண்ணீரும் 4 டிகிரியை எட்டியதும் புரளல் நிற்கிறது. இனி மேலே இருக்கும் தண்ணீர் 3, 2, 1 என்று குளிர்ந்தாலும், அது கீழே இருப்பதைவிட லேசானது, இறங்காது. மேலேயே தங்கி, அங்கேயே உறைகிறது. பெரிய ஏரிகளில் காற்று கலக்கிவிடுவதால் அடித்தண்ணீரும் 4 டிகிரிக்குச் சற்றுக் கீழே போவதுண்டு. ஆனால் வரிசை மாறாது: மேலே கட்டி, அதையொட்டி 0 டிகிரித் தண்ணீர், அடியில் அதைவிடச் சற்றே சூடான தண்ணீர்.

தண்ணீரும் மற்ற திரவங்களைப் போலக் கடைசிவரை சுருங்கிக்கொண்டே போயிருந்தால், ஏரி முழுவதும் 0 டிகிரியை அடைந்த பிறகுதான் உறையத் தொடங்கியிருக்கும். கட்டியும் தண்ணீரைவிடக் கனமாக இருந்திருந்தால் அடியில் போய்ப் படிந்திருக்கும். மீனுக்கு ஒதுங்க இடம் இருந்திருக்காது.

சிம்கோ எங்கிருந்து மூடுகிறது

சிம்கோ சுமார் 720 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரி. வரைபடத்தில் பார்த்தால் இரண்டு கைகளை நீட்டியிருப்பது தெரியும். தெற்கே நீளும் கை குக்ஸ் வளைகுடா, ஆழம் குறைவு. மேற்கே பேரி நகரத்தைத் தொடும் கை கெம்பன்ஃபெல்ட் வளைகுடா. ஏரியின் மிக ஆழமான இடம், ஏறத்தாழ 41 மீட்டர், அங்கேதான் இருக்கிறது.

எது முதலில் உறையும் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடலாம். ஆழம் குறைந்த இடத்தில் குளிரவேண்டிய தண்ணீர் கொஞ்சம். சீக்கிரம் புரண்டு முடித்துவிடும். ஆழமான இடம் கோடையின் வெப்பத்தை வயிற்றில் வைத்திருக்கிறது. அதை வெளியேற்றி முடிக்க நாளாகும். அதனால் குக்ஸ் வளைகுடாவில் ஆட்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் நாளில் கெம்பன்ஃபெல்ட்டில் அலையடித்துக்கொண்டிருப்பதுண்டு. ‘சிம்கோ உறைந்துவிட்டதா?’ என்ற கேள்விக்கே பொருள் கிடையாது. எந்த இடம் என்று சேர்த்துக் கேட்கவேண்டும்.

இன்னொரு இடத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஏரியின் வடமுனையில், ஒரிலியா நகருக்குப் பக்கத்தில், சிம்கோவின் தண்ணீர் ஒரு குறுகலான வாய் வழியாகக் குச்சிச்சிங் ஏரிக்கு ஓடுகிறது. அந்த வாய்க்கு ஆதர்லி நேரோஸ் என்று பெயர். அந்த ஓட்டத்தில் மரக்குச்சிகளை நட்டு வேலிகட்டி, மீனை மடக்கிப் பிடித்தார்கள் பூர்வகுடி மக்கள். ம்ன்ஜிகானிங் மீன்வேலிகள் என்று கனடா பாதுகாத்துவரும் அந்த இடத்துக்கு வயது ஏறக்குறைய 5000 ஆண்டு. மீனுக்கு வேலிகட்ட வசதி செய்துகொடுத்த அதே நீரோட்டம் பனிக்கட்டியைக் கீழிருந்து அரிக்கிறது. ஓடும் தண்ணீர் உள்ள இடம் எந்த ஏரியிலும் கடைசியில் மூடி, முதலில் திறக்கும். ஆறு வந்து சேரும் வாய், ஆறு கிளம்பும் வாய், பாலத்தடி, உறையாமலிருக்கக் காற்றுக்குமிழி விடும் படகுத்துறை இவற்றின் பக்கமே புதியவர் போகக்கூடாது.

குளிர்ப்புள்ளி

கணக்குக்கு வருவோம். ஒரு சொல்லை உருவாக்கிக்கொள்வோம்: குளிர்ப்புள்ளி. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கு எத்தனை டிகிரி கீழே இருந்ததோ அந்த நாளுக்கு அத்தனை புள்ளி. சராசரி மைனஸ் 6 என்றால் 6 புள்ளி. மைனஸ் 11 என்றால் 11. உறைநிலைக்கு மேலே போன நாளில் புள்ளி கழியும். ஏரி மூடிய நாளிலிருந்து இவற்றைக் கூட்டிக்கொண்டே வரவேண்டும்.

புள்ளி ஏறும் வேகத்திலேயே கட்டியும் தடிக்கும் என்றுதான் முதலில் தோன்றும். அப்படி நடப்பதில்லை. ஒரு கிலோ தண்ணீர் உறையும்போது தன்னிடமிருந்து பெரும் வெப்பத்தை வெளியே விடுகிறது. 0 டிகிரியில் உள்ள இன்னொரு கிலோ தண்ணீரை 80 டிகிரிவரை சூடாக்கப் போதுமான வெப்பம் அது. புதிய கட்டி சேர்வது அடியில். அங்கே வெளிப்படும் வெப்பம் மேலே உள்ள கட்டி முழுவதையும் கடந்து வானத்துக்குப் போனால்தான் அடுத்த அடுக்கு உறையும். கட்டி தடிக்கத் தடிக்க அந்த வழி நீள்கிறது. தான் வளர்வதைத் தானே தாமதப்படுத்தும் போர்வை அது.

துருவக்கடலின் பனிக்கட்டியை ஆராய்ந்த இயற்பியலாளர் யோசெஃப் ஸ்டெஃபான் 1891இல் இந்த வளர்ச்சிக்கு விதி சொன்னார். தடிமன் இரண்டு மடங்காகக் குளிர் நான்கு மடங்கு வேண்டும். மூன்று மடங்காக ஒன்பது மடங்கு வேண்டும். ஓரளவு வெண்பனி படிந்த சாதாரண ஏரிக்கு இதை ஒரு மனக்கணக்காகச் சுருக்கலாம்: வேண்டிய தடிமனை சென்டிமீட்டரில் எடுத்து, பாதியாக்கி, அந்தப் பாதியை அந்தப் பாதியாலேயே பெருக்குங்கள். கிடைப்பதுதான் தேவையான குளிர்ப்புள்ளி. 10 சென்டிமீட்டருக்கு ஐயைந்து இருபத்தைந்து. 20 சென்டிமீட்டருக்குப் பத்துப்பத்து நூறு. 30 சென்டிமீட்டருக்குப் பதினைந்தைப் பதினைந்தால் பெருக்கி 225.

ஓர் உதாரணத்தில் போட்டுப் பார்ப்போம். குக்ஸ் வளைகுடா ஜனவரி 3 அன்று மூடியது என்று வைத்துக்கொள்வோம். முதல் ஐந்து நாள் சராசரி மைனஸ் 6, 8, 9, 5, 4. கூட்டினால் 32 புள்ளி. கட்டி 11 சென்டிமீட்டரைத் தாண்டியிருக்கும். அடுத்த மூன்று நாள் குளிர் தளர்கிறது: மைனஸ் 2, மைனஸ் 1, 0. மொத்தம் 35. பிறகு ஒரு வாரம் நல்ல குளிர்: மைனஸ் 9, 11, 12, 10, 8, 7, 8. இதில் 65 புள்ளி சேர்ந்து ஜனவரி 17 அன்று சரியாக 100. தடிமன் 20 சென்டிமீட்டர்.

முதல் ஐந்து நாளில் 11 சென்டிமீட்டர் வந்தது. அடுத்த பத்து நாளில், இரண்டு மடங்குக்கு மேல் குளிர் செலவான பிறகும், 9 சென்டிமீட்டர்தான் கூடியது. 30 சென்டிமீட்டர் வேண்டுமென்றால் இன்னும் 125 புள்ளி. நாளுக்கு 8 என்றாலும் பதினாறு நாள், பிப்ரவரி பிறந்துவிடும். ‘போன வாரமே இவ்வளவு இருந்தது, இந்த வாரம் இரண்டு பங்காகியிருக்கும்’ என்று கரையில் நின்று ஊகிப்பவர்களின் பிழை இங்கேதான்.

பத்து சென்டிமீட்டர் ஒரு மனிதரைத் தாங்குவது எப்படி

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள பனிக்கட்டிப் பலகையை ஏரியிலிருந்து அறுத்துத் தனியே மிதக்கவிட்டதாக நினையுங்கள். அதன் எடை 92 கிலோ. அது தண்ணீரில் முழுதாக அமிழ்ந்தால் 100 கிலோத் தண்ணீரை ஒதுக்கும். ஆக அது சுமக்கக்கூடிய கூடுதல் பாரம் 8 கிலோ. ஒரு கைக்குழந்தையை உட்காரவைத்தால் அதோடு சரி. 80 கிலோ மனிதர் ஏறினால் பலகையும் அவரும் தண்ணீரில்.

அப்படியிருக்க ஏரியில் அவர் நடக்கிறார். காரணம், கட்டி தனித்தனிப் பலகையாக இல்லாமல் ஒரே விரிப்பாகக் கிடப்பது. அவர் நிற்கும் இடத்தில் விரிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்து, பல மீட்டர் அகலத் தட்டாகக் குழிகிறது. அந்தத் தட்டு முழுவதற்கும் அடியிலிருந்து தண்ணீர் மேல்நோக்கித் தள்ளுகிறது. நடப்பவரைத் தாங்குவது தண்ணீர்தான். அவருடைய பாரத்தை அவ்வளவு தண்ணீருக்கும் பகிர்ந்துகொடுப்பது பனிக்கட்டியின் வேலை. வளையும்போது மேற்பக்கம் நெருக்கப்படுகிறது, அடிப்பக்கம் இழுபடுகிறது. பனிக்கட்டி நெருக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. ஆகையால் விரிசல் தொடங்குவது நம் கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில்.

தடித்த கட்டி எவ்வளவு கூடுதலாகத் தாங்கும்? கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த லார்ன் கோல்ட் பனிக்கட்டிமேல் ஓட்டப்பட்ட வண்டிகளின் அனுபவங்களைத் தொகுத்து 1971இல் ஒரு கணக்கு வெளியிட்டார். தடிமனை அதே எண்ணால் பெருக்கி, அதை மூன்றரையால் பெருக்கினால், நல்ல தெளிந்த கட்டி சுமக்கக்கூடிய பாரம் கிலோவில் வரும். 10 சென்டிமீட்டருக்கு 350 கிலோ. 20 சென்டிமீட்டருக்கு 1400 கிலோ. தடிமன் இரண்டு மடங்கானால் சுமை நான்கு மடங்கு.

முந்தின பகுதியின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தடிமன் இரண்டு மடங்காக, குளிர் நான்கு மடங்கு வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால், சுமை நான்கு மடங்கு. நடுவிலிருக்கும் தடிமனை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது மிக எளிய உறவு: குளிர் எத்தனை மடங்கோ சுமையும் அத்தனை மடங்கு. 25 புள்ளிக்கு 350 கிலோ, 100 புள்ளிக்கு 1400 கிலோ. ஒவ்வொரு குளிர்ப்புள்ளிக்கும் ஏரி 14 கிலோ வலிமையைச் சேர்த்துவைக்கிறது. இரண்டு வேறு காலத்தில், இரண்டு வேறு நாட்டில், இரண்டு வேறு காரியத்துக்காகப் போட்ட கணக்குகள் இப்படி ஒன்றோடொன்று பொருந்துவது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது.

10 சென்டிமீட்டரே 350 கிலோவைத் தாங்குமென்றால், ஒருவர் தனியாக நடக்கவே 15 சென்டிமீட்டர் வேண்டும் என்று கனடிய செஞ்சிலுவைச் சங்கம் ஏன் சொல்கிறது? கூட்டமாக நிற்க 20, ஸ்நோமொபைலுக்கு 25 என்பது அதன் அளவுகோல். கோல்டின் கணக்கு ஒரே சீரான, தெளிந்த கட்டிக்கு. ஏரி எங்கும் ஒரே சீராக இருப்பதில்லை. நீங்கள் அளந்த இடத்துக்கும் கால்வைக்கும் இடத்துக்கும் நடுவே உள்ள வித்தியாசத்துக்காகத்தான் அந்தக் கூடுதல். அதைக் குறைத்துக்கொள்ளும் உரிமை புதியவருக்குக் கிடையாது.

கணக்கு பொய்க்கும் இடம்

பொய்க்கவைப்பதில் முதல் இடம் வெண்பனிக்கு. நம் 10 சென்டிமீட்டர் கட்டிக்குச் சதுர மீட்டருக்கு 8 கிலோதான் மிச்சம் என்று பார்த்தோம். புதிதாக விழுந்த 10 சென்டிமீட்டர் வெண்பனியின் எடையே ஏறத்தாழ 10 கிலோ. ஆகவே ஒரே இரவுப் பனிப்பொழிவு ஏரி முழுவதன் கட்டியையும் தண்ணீர்மட்டத்துக்குக் கீழே அமுக்கிவிட முடியும். விரிசல் வழியே தண்ணீர் மேலேறி, வெண்பனியோடு கலந்து சேறுபோல் ஆகும். அது மறுபடி உறைந்தால் வெளிறிய கட்டி. காற்றுக்குமிழி நிறைந்த அந்த வெள்ளைக் கட்டிக்குத் தெளிந்த கட்டியின் வலிமையில் பாதிதான் என்று கொள்வது வழக்கம். போதாததற்கு, புது வெண்பனி பனிக்கட்டியைவிடப் பத்து மடங்குக்கு மேல் வெப்பத்தைத் தடுக்கும். அது படிந்தபின் எத்தனை குளிர்ப்புள்ளி வந்தாலும் பாதிக்குமேல் ஏரிக்குள் இறங்காமலே போகலாம்.

அடுத்தது வெயில். மார்ச் மாத வெயில் கட்டியை மேலிருந்து கரைப்பதைவிட உள்ளே புகுந்து கெடுப்பது அதிகம். படிகங்களின் ஓரங்கள் கரைந்து, கட்டி செங்குத்தான மெழுகுவத்திகளை அடுக்கிவைத்ததுபோல் ஆகிவிடும். அளந்தால் 40 சென்டிமீட்டர் இருக்கும், மிதித்தால் நொறுங்கும். பருவத்தின் கடைசியில் தடிமனை மட்டும் நம்பக்கூடாது.

மூன்றாவது, காற்று. பெரிய ஏரிகளில் நீளமான அழுத்த விரிசல்கள் உண்டு. பலத்த காற்றில் அவை வாய்பிளந்து, அந்தப் பக்கம் போனவர் திரும்ப வழியில்லாமல் நிற்க நேரும். ஏரி இரவில் பீரங்கிபோல் உறுமுவதைக் கேட்டுப் புதியவர்கள் பதறுவார்கள். குளிரில் கட்டி சுருங்கி வெடிப்பதால் வரும் ஓசை அது. பெரும்பாலும் கட்டி வளர்வதன் அறிகுறி. ஓசையைவிட, போட்ட துளை வழியே தண்ணீர் பொங்கி மேலே பரவுகிறதா என்று பாருங்கள். பரவினால் கட்டி பாரத்தில் தாழ்ந்துவிட்டது. கூட்டத்தைக் கலைத்துக்கொண்டு நகரவேண்டும்.

இதனால்தான் குளிர்ப்புள்ளிக் கணக்கு என்பது வீட்டில் உட்கார்ந்து ‘இந்த வாரம் போக வேண்டாம்’ என்று முடிவெடுக்க மட்டும். ‘போகலாம்’ என்று சொல்லும் அதிகாரம் கடப்பாரைக்கும் துளைப்பானுக்கும்தான். நம்மூர்க் கடப்பாரை மாதிரியேதான் ஒரு கம்பி. சில அடிக்கு ஒருமுறை முன்னால் ஓங்கிக் குத்திக்கொண்டே போவார்கள். ஓரிரு குத்தில் தண்ணீர் வந்தால் வந்த தடத்திலேயே திரும்புவது. குத்து தாங்கினால் திருகுத் துளைப்பானால் துளையிட்டு, அடிவிளிம்பில் கொக்கியை மாட்டி அளவுநாடாவால் அளப்பது. அதில் எத்தனை வெள்ளை, எத்தனை தெளிவு என்றும் பார்ப்பது.

அடியில் இருப்பவர்கள்

மீன் குளிர்ரத்தப் பிராணி. சுற்றியுள்ள தண்ணீர் 10 டிகிரி குறைந்தால் அதன் உடல் எரிக்கும் ஆற்றல் சுமார் பாதியாகும். குறைவாகத் தின்னும், குறைவாக ஓடும், மூச்சுக்காற்றும் குறைவாகப் போதும். குளிர்ந்த தண்ணீரிலோ ஆக்சிஜன் அதிகம் கரையும்: 0 டிகிரியில் லிட்டருக்கு 14.6 மில்லிகிராம், 25 டிகிரியில் 8.2. ஏரி மூடும்போது உள்ளே அடைபடும் அந்த இருப்பு, ஆழமான ஏரிக்கு வசந்தம்வரை தாங்கும். ஆழமற்ற குளங்களில் தடித்த வெண்பனி வெளிச்சத்தையும் மறைத்துவிட்டால் நீர்த்தாவரங்கள் ஆக்சிஜன் உண்டாக்குவது நின்று, அழுகல் இருப்பதையும் தின்றுவிடும். வசந்தத்தில் கட்டி கரையும்போது செத்த மீன்கள் மிதப்பது அதனால்தான்.

சிம்கோவில் புதியவருக்கு ஏற்ற மீன் மஞ்சள் பெர்ச். உடலில் கருங்கோடுகள், ஒரு சாண் நீளம், இனிப்பான வெள்ளைச் சதை. கண்ணால் பார்த்து இரைதேடும் மீன் என்பதால் இருட்டியபின் அநேகமாகக் கடிக்காது. விடியலுக்குப் பின்னும் அந்திக்கு முன்னும் நல்ல நேரம். கூட்டமாக, அடித்தரைக்குச் சற்று மேலே உலவும். முள்ளோடு சேர்ந்த சின்ன ஈயக்குண்டைத் தரை தொடும்வரை இறக்கி, ஒரு முழம் தூக்கி, லேசாக ஆட்டி நிறுத்துங்கள். கடிப்பது பெரும்பாலும் நிறுத்தும்போதுதான். குளிரில் மந்தமான மீனின் கடி வெடுக்கென்று இழுக்காது. தூண்டில் நரம்பில் ஒரு கனம் கூடினாற்போல் இருக்கும். மெல்லிய நரம்பும், நுனி வளையும் குட்டைத் தூண்டிலும் அந்தச் சிறு கனத்தை உணர்வதற்காகத்தான். துளைக்குப் பக்கத்திலேயே உட்கார்கிறோம், நீளம் எதற்கு?

பெர்ச்சின் காற்றுப்பை மூடியது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு. அங்கிருந்து சட்டென்று மேலே இழுத்தால் பை இரண்டு பங்காக உப்பிவிடும். அந்த மீனைத் திரும்ப விட்டாலும் பல நேரம் பிழைக்காது. ட்ரவுட் வகைகளுக்குப் பையிலிருந்து தொண்டைக்குக் குழாய் உண்டு. காற்றை வெளிவிட்டுச் சமாளிக்கும். ஆகவே ஆழத்தில் பெர்ச் பிடிக்கும்போது, பிடித்துவிட்டு விடலாம் என்ற எண்ணம் வேண்டாம். சாப்பாட்டுக்கு வேண்டியது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். இதை ஒவ்வொரு புதியவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

உடம்பும் உரிமமும்

ஒன்டாரியோவில் வசிக்கும் 18 முதல் 64 வயதுவரையுள்ளவருக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். பனிக்கட்டிமேல் ஒருவர் இரண்டு தூண்டில்வரை போடலாம். எந்த மீனுக்கு எந்த நாள், எத்தனை என்பது மாநில அரசு வெளியிடும் விதித்தொகுப்பில் இருக்கும். அது மாறக்கூடியது, போகும் வருடத்தினதைப் பார்க்கவேண்டும்.

உடையில் பருத்தியைத் தவிருங்கள். நடக்கும்போது வரும் வியர்வையைப் பருத்தி பிடித்துவைத்துக்கொள்ளும். உட்கார்ந்தபின் அந்த ஈரம் எலும்புவரை குளிரும். கம்பளியோ செயற்கை இழையோ உள்ளே, காற்றுத் தடுப்பு வெளியே. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றும் சேர்ந்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 20. காலுக்கடியில் ஒரு ரப்பர் விரிப்போ பலகையோ போட்டுக்கொண்டால் ஒரு மணிநேரம் கூடுதலாக உட்காரலாம். கூடாரத்துக்குள் அடுப்பு வைத்தால் காற்றுவழிகளை மூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை. தூக்கம் வருவதுபோல்தான் இருக்கும்.

முதல் தடவை போகிறவர், பனிக்கட்டிமேல் போடும் குடில்களை வாடகைக்கு விடும் கரையோர ஊர்க்காரர்களோடு போவதே சரி என்பது என் முடிவு. ஜார்ஜினா, பேரி, ஒரிலியா பக்கம் அப்படிப் பலர் உண்டு. அவர்கள் தினமும் கட்டியை அளக்கிறவர்கள். எந்த விரிசல் எங்கே ஓடுகிறது என்று தெரிந்தவர்கள். ஏரிக்குள் இருக்கும் ஜார்ஜினா தீவில் வாழும் சிப்பேவா பூர்வகுடி மக்களுக்குக் கட்டி தடித்த குளிர்காலத்தில் கரைக்கு வர உதவுவது பனிக்கட்டிச் சாலை. உள்ளூராரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இறங்குவது எந்த ஏரியிலும் தவறு.

விழுந்துவிட்டால்

மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரில் உடல் படும் பாட்டை ஆராய்ந்தவர் கோர்டன் கீஸ்பிரெக்ட். அவர் தரும் கணக்கு 1-10-1. முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக இரைக்கும். தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொண்டு அதை அடக்குவது மட்டும்தான் அப்போதைய வேலை. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும். வெளியே வரவேண்டியது அதற்குள். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஆகும். விழுந்த உடனே குளிரில் செத்துவிடுவோம் என்ற பதற்றம் பிழை. அந்தப் பதற்றத்தில் பத்து நிமிடத்தை வீணாக்குவதுதான் கொல்கிறது.

வந்த திசைக்குத் திரும்புங்கள். உங்களைத் தாங்கியது அந்தப் பக்கம்தான். ஏரியில் இறங்கும்போதே கழுத்தில் மாட்டிக்கொள்ளவேண்டிய இரண்டு கூர்முனைக் கைப்பிடிகளைக் கட்டியில் குத்தி, நீந்துவதுபோல் காலை உதைத்து, வயிற்றால் ஊர்ந்து ஏறுங்கள். ஏறியதும் எழுந்து நிற்காமல் உருண்டே விலகுங்கள். அந்தக் கைப்பிடிகள் பைக்குள் இருந்தால் பயனில்லை. கழுத்தில் தொங்கவேண்டும். மிதவைச் சட்டையும் உடம்பில் இருக்கவேண்டும்.

இளகும் குளிர்காலங்கள்

டொரண்டோவின் யார்க் பல்கலைக்கழகத்தில் ஏரிகளின் பனிக்கட்டியை ஆராய்ந்துவரும் சப்னா சர்மாவும் அவருடைய குழுவினரும் 10 நாடுகளில் குளிர்காலத்தில் ஏரியில் மூழ்கியவர்களின் பதிவுகளைத் திரட்டி 2020இல் வெளியிட்டார்கள். மரணங்கள் அதிகரித்தது கடுங்குளிர் ஆண்டுகளில் அல்ல. குளிர்காலச் சராசரி மைனஸ் 5க்கும் 0க்கும் இடையில் நின்ற இளகிய ஆண்டுகளில். நம் கணக்கில் சொன்னால், நாளுக்கு ஐந்து புள்ளிகூடச் சேராத ஆண்டுகள். பாதியில் கழிந்தும் போகிற ஆண்டுகள். பழக்கம் ஜனவரியில் இறங்கச் சொல்கிறது. ஏரியில் அதற்கான குளிர் சேரவில்லை. இத்தகைய குளிர்காலங்கள் கூடிக்கொண்டே வருகின்றன.

இந்த ஆண்டு போக நினைத்தால் டிசம்பர் தொடக்கத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையை ஒரு பத்தியிலும், வெண்பனி விழுந்த அளவைப் பக்கத்துப் பத்தியிலும் எழுதுங்கள். உங்கள் வளைகுடா மூடிய நாளில் ஒரு கோடு போட்டு அங்கிருந்து கூட்டுங்கள். நூறு புள்ளிக்குமுன் கிளம்ப வேண்டாம். நூறு ஆனபிறகும், காரிலிருந்து இறங்கியதும் முதல் துளையைக் கரைக்குப் பக்கத்திலேயே, முழங்கால் ஆழத்தில் போடுங்கள்.